பழைய ப்ளூஸ் தட்டுகளைக் கேட்கத் தொடங்குவோருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ப்ளூஸ் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களில் என் விருப்பு வெறுப்புகளும் கலந்திருக்கும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பாட்டுகள் கிராமபோன் தட்டின் பக்கத்துக்கு ஒன்றாக, மூன்று மூன்று நிமிடப் பாட்டுகளாகப் பிறந்தவை. அந்த அளவிலேயே கேட்டால்தான் பிடிபடும்.

‘அகூஸ்டிக் ப்ளூஸ்’ என்று எதைச் சொல்கிறார்கள்?

இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கம்.

முதலாவது, வாசிக்கப்படும் கருவியைப் பற்றியது. மின்சாரக் கிதார் பரவுவதற்கு முன்பு வெறும் மரக் கிதார், பியானோ, பாஞ்சோ, மவுத் ஆர்கன் ஆகியவற்றை வைத்துக்கொண்டு அமெரிக்கத் தெற்கின் கறுப்பின மக்கள் பாடிய ப்ளூஸ். இரண்டாவது, பதிவுசெய்த முறையைப் பற்றியது. 1925 வரை ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக் கிடையாது. பாடுகிறவர் ஒரு பெரிய புனலின் வாயருகே நின்று பாடுவார். அந்த ஒலியின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். அந்த ஆண்டில்தான் பெரிய நிறுவனங்கள் மைக் வைத்து மின்முறையில் பதியத் தொடங்கின. ஆகவே 1929இல் மிசிசிப்பிப் பாடகர் சார்லி பாட்டன் பாடிய தட்டில் கிதார் அகூஸ்டிக், பதிவு மின்முறை. இந்தப் பக்கத்தில் நான் பேசுவது முதல் பொருளில். காலம், சுமாராக 1920 முதல் 1942 வரை.

எந்தப் பாட்டிலிருந்து தொடங்குவது?

நான் செய்த தவற்றைச் செய்யாதீர்கள். எங்கோ படித்துவிட்டு, சார்லி பாட்டனின் முழுத் தொகுப்பை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே மூச்சில் கேட்க உட்கார்ந்தேன். ஆறாவது பாட்டுக்குள் காதில் மீன் பொரியும் சத்தம்தான் மிஞ்சியது. அதன்பிறகு இரண்டு ஆண்டுகள் அந்தப் பக்கமே போகவில்லை. பாட்டன் மீது பிழையில்லை. நுழைந்த வாசல்தான் பிழை.

என் பரிந்துரை மிசிசிப்பி ஜான் ஹர்ட். 1928இல் ஓகே (Okeh) என்ற தட்டு நிறுவனத்துக்காக மெம்ஃபிஸிலும் நியூயார்க்கிலும் பாடியவர். குரல் உயராது. திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவரைப் போல இருக்கும். வலது கைக் கட்டைவிரல் கடிகாரம் மாதிரி தடித்த கம்பிகளில் அடித்துக்கொண்டே இருக்க, மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் பாட்டின் மெட்டையே வாசித்துப் போகும். வாசிப்பது ஒருவர்தான் என்று முதல் தடவை கேட்கிற யாரும் நம்புவதில்லை. பதிவும் ஓரளவு தெளிவு. ‘அவலான் ப்ளூஸ்’ என்ற பாட்டில் தொடங்குங்கள். அந்தப் பாட்டுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. கீழே சொல்கிறேன்.

மறுநாள் பெஸ்ஸி ஸ்மித்தின் ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’. 1925 ஜனவரியில் புனலுக்குள் பாடியது. கூட இருப்பவை இரண்டே கருவிகள். ஒன்று காற்றுத் துருத்தி ஆர்கன், மற்றது லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட், டிரம்பெட் போன்ற ஊதுகருவி. பெஸ்ஸி ஒரு வரி பாடி நிறுத்துகிற ஒவ்வோர் இடத்திலும் கார்னெட் பதில் சொல்கிறது. மைக் இல்லாத காலத்தில் அந்தக் குரல் எவ்வளவு பெரியதாக இருந்திருக்க வேண்டும் என்பதை நூறாண்டு கழித்தும் உணர முடிகிறது.

அதற்கு அடுத்த நாள், சொற்களே இல்லாத ஒன்று. பிளைண்ட் வில்லி ஜான்சன் 1927 டிசம்பரில் டல்லஸில் கொலம்பியா நிறுவனத்துக்காகப் பதிந்த ‘டார்க் வாஸ் தி நைட், கோல்ட் வாஸ் தி கிரவுண்ட்’. முனகலும் கிதாரும் மட்டும்தான். இவர் பாடியவை பக்திப் பாடல்கள், ஆகவே கறாராகப் பார்த்தால் இது ப்ளூஸ் ஆகாது. ஆனால் கிதார் பேசும் மொழி அதேதான். 1977இல் வாயேஜர் விண்கலங்களோடு அனுப்பப்பட்ட தங்கத் தட்டில் இந்தப் பதிவும் இருக்கிறது. நம் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பாட்டும் அதே தட்டில் இருக்கிறது.

பிறகு லெராய் காரின் ‘ஹவ் லாங், ஹவ் லாங் ப்ளூஸ்’. 1928இல் வந்தது. பியானோவில் கார், கிதாரில் ஸ்கிராப்பர் பிளாக்வெல். நகரத்து ப்ளூஸ் என்பதால் அலட்டல் இல்லாமல் ஒழுங்காக நடக்கும். கடைசியாக ஸ்கிப் ஜேம்ஸின் ‘டெவில் காட் மை வுமன்’. இதை மட்டும் இரவில் தனியாகக் கேளுங்கள்.

ஐந்து இரவுகள், ஐந்து தட்டுகள். ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தடவை. தொகுப்புகள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

எல்லோரும் ராபர்ட் ஜான்சனில் தொடங்கச் சொல்கிறார்களே?

சொல்வார்கள். 1961இல் கொலம்பியா நிறுவனம் அவர் பாட்டுகளை நீளத் தட்டாக (எல்.பி.) வெளியிட்டபோது இங்கிலாந்து ராக் இசைக்காரர்கள் அதில் மூழ்கிப்போனார்கள். அவர்கள் வழியாக உலகம் ஜான்சனை அறிந்தது. 1936 நவம்பரில் சான் அன்டோனியோவில் ஒரு ஹோட்டல் அறையில், பிறகு 1937 ஜூனில் டல்லஸில் என இரண்டே தடவைதான் பதிவுக்கு உட்கார்ந்தார். மொத்தம் 29 பாட்டுகள். 1938 ஆகஸ்டில் மிசிசிப்பியின் கிரீன்வுட் அருகே இறந்தபோது வயது 27.

பெரிய கலைஞர்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் இந்த வரிசையின் கடைசியில் வந்தவர். கிராமபோன் தட்டுகளைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர். அவருடைய ‘கம் ஆன் இன் மை கிச்சன்’ பாட்டின் மெட்டு, மிசிசிப்பி ஷீக்ஸ் குழுவினர் 1930இல் பாடிய ‘சிட்டிங் ஆன் டாப் ஆஃப் தி வேர்ல்ட்’ பாட்டிலிருந்து வந்தது. ‘ஹெல்ஹவுண்ட் ஆன் மை டிரெயில்’ ஸ்கிப் ஜேம்ஸின் வழியில் நடக்கிறது. ‘லவ் இன் வெயின்’ லெராய் காரிடமிருந்து. ‘வாக்கிங் ப்ளூஸ்’ சன் ஹவுஸிடமிருந்து. முதலில் ஜான்சனைக் கேட்டால் எல்லாம் அவர் தலையிலிருந்தே உதித்ததாகத் தோன்றும். மற்றவர்களைக் கேட்டுவிட்டு வந்தால், எதை எடுத்தார், எதை விட்டார், எங்கே இறுக்கினார் என்று தெரியும். அப்போது அவர் இன்னும் பெரியவராகத் தெரிவார்.

ராபர்ட் ஜான்சன் நாற்சந்தியில் பேயிடம் ஆன்மாவை விற்றார் என்பது?

கதை. அதே கதையை அவருக்கு முன்பே பாடிய டாமி ஜான்சனைப் பற்றி அவருடைய சொந்த அண்ணன் சொல்லியிருக்கிறார். இவர்கள் இருவரும் உறவினர்கள் அல்லர், பெயர்தான் ஒன்று. ராபர்ட்டின் ‘கிராஸ் ரோட் ப்ளூஸ்’ பாட்டில் பேயே கிடையாது. ஒருவன் நாற்சந்தியில் முழந்தாளிட்டுக் கடவுளிடம் இரக்கம் வேண்டுகிறான், போகிற வண்டியை நிறுத்தப் பார்க்கிறான், யாரும் நிறுத்தவில்லை, பொழுது சாய்கிறது. கறுப்பு மனிதன் ஒருவன் அந்தக் கால மிசிசிப்பியில் இருட்டிய பிறகு ஊர் தெரியாத சாலையில் தனியாக அகப்பட்டால் என்ன ஆகலாம் என்று யோசித்துக்கொண்டு கேட்டுப்பாருங்கள். பேய் தேவைப்படாது.

ஏன் இவ்வளவு இரைச்சல்?

தட்டு எதனால் ஆனது, யார் செய்தது, யார் வீட்டில் தேய்ந்தது ஆகிய மூன்றும் சேர்ந்த விளைவு இது.

நிமிடத்துக்கு 78 சுற்று சுழன்ற அந்தத் தட்டுகள் அரக்கில் கல்தூளைக் கலந்து வார்க்கப்பட்டவை. அந்த அரக்கில் பெரும்பகுதி இந்தியக் காடுகளில் மரக்கிளையை ஒட்டி வாழும் பூச்சியிலிருந்து எடுத்து ஏற்றுமதியானது. மிசிசிப்பிப் பருத்திக்காட்டுப் பாட்டு நம் அரக்கின் மேல் எழுதப்பட்டது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் விசித்திரமாகத்தான் இருக்கிறது.

அடுத்தது, செய்தவர்கள். மிசிசிப்பி மாநிலத்தின் வடமேற்குப் பருத்திச் சமவெளியான டெல்டாவின் மிகப் பெரிய பாடகர்கள் பலரைப் பதிந்தது விஸ்கான்சினில் இயங்கிய பாராமவுண்ட் நிறுவனம். அதன் உரிமையாளர் ஒரு நாற்காலித் தொழிற்சாலை! கிராமபோன் பெட்டிகள் செய்தார்கள். பெட்டி விற்க வேண்டுமானால் போட்டுக் கேட்கத் தட்டு வேண்டுமே என்று தட்டுத் தொழிலில் இறங்கினார்கள். அவர்கள் சரக்கு மட்டம். புதிதாக வாங்கும்போதே இரையும். பின்னாளில் தட்டுகளை வார்க்கப் பயன்பட்ட மூலத் தகடுகளும் பெருமளவு அழிந்துபோயின. ஆகவே இன்று நாம் கேட்பது, யாரோ வாங்கி, இரும்பு ஊசியால் நூறு தடவை உழுது, பரணில் போட்டு, பிறகு சேகரிப்பாளர் கையில் சிக்கிய ஒரு பிரதியை.

விக்டர், கொலம்பியா, ஓகே தட்டுகள் இவ்வளவு மோசமில்லை. 1928இல் விக்டருக்காக டாமி ஜான்சன் மெம்ஃபிஸில் பாடியதையும், பிளைண்ட் வில்லி மெக்டெல் பன்னிரண்டு கம்பிக் கிதாரோடு பாடிய ‘ஸ்டேட்ஸ்போரோ ப்ளூஸ்’ பாட்டையும் கேட்டால் வித்தியாசம் உடனே தெரியும்.

இன்னொன்று. இரைச்சலை முழுக்க நீக்கியதாகப் பெருமை அடித்துக்கொள்ளும் பதிப்புகளை நம்பாதீர்கள். இரைச்சலோடு கம்பியின் கூர்மையையும் சேர்த்து அரித்து எடுத்துவிடுவார்கள். கிணற்றுக்குள் இருந்து பாடுவதுபோல இருக்கும். இரைச்சல் பத்து நாளில் காதுக்குப் பழகிவிடும், மழை பெய்யும்போது நாம் பேசிக்கொண்டிருப்பதில்லையா?

சொற்கள் ஒன்றும் புரியவில்லை. என்ன செய்வது?

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கும் பாட்டன் புரியாது, கவலை வேண்டாம். தெற்குக் கறுப்பினப் பேச்சு, ஊர்ப் பெயர்கள், பண்ணை வேலைச் சொற்கள், தேய்ந்த தட்டு என எல்லாம் சேர்ந்த முடிச்சு அது. முதல் இரண்டு தடவை சொல்லைத் தேடாமல் கேளுங்கள். மூன்றாவது தடவை வரிகளை வைத்துக்கொண்டு கேளுங்கள். இணையத்தில் கிடைக்கும் வரிகளில் பிழை நிறைய உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

சொல் தெரிந்தே ஆக வேண்டிய பாட்டுகளும் உண்டு. 1927இல் மிசிசிப்பி ஆறு கரைகளை உடைத்து டெல்டாவை மூழ்கடித்தது. 1929இல் பாட்டன் அதைத் தட்டின் இரு பக்கமும் நிறையப் பாடினார். அதுதான் ‘ஹை வாட்டர் எவ்ரிவேர்’. லீலண்ட், கிரீன்வில், விக்ஸ்பர்க் என்று வெள்ளம் போன ஊர்களாகப் பெயர் சொல்லிக்கொண்டே போவார், கிதார் உடம்பில் கையால் அறைவார். அதே ஆண்டில் கான்சாஸ் ஜோ மெக்காயும் மெம்ஃபிஸ் மின்னியும் பாடிய ‘வென் தி லெவீ பிரேக்ஸ்’ அதே வெள்ளத்தைப் பற்றியது, ஆனால் எவ்வளவு நிதானம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒருவர் தண்ணீருக்குள் நின்று பாடுகிறார். மற்றவர்கள் தண்ணீர் வருமா என்று கரையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறதே!

எலும்புக்கூடு ஒன்றுதான். ஒரு வரி, அதே வரி மறுபடி, பிறகு அதற்குப் பதிலாக அமையும் மூன்றாவது வரி. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஓர் இடைவெளி, அதில் கிதார் பேசும். ஏட்டுக் கணக்கில் இது பன்னிரண்டு அளவு, அதாவது பன்னிரண்டு தாளச் சுற்று. பழையவர்கள் இந்தக் கணக்கை மதித்தார்களா என்றால், தோன்றியபோது மதித்தார்கள். டெக்ஸஸின் பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன் ஒரு வரியைப் பாடிவிட்டு, அளவு முடிந்த பிறகும் கிதாரில் தன் போக்கில் உலாவிவிட்டுத்தான் அடுத்த வரிக்கு வருவார். அவரோடு கூட வாசிக்க முயன்றவர்கள் பாவம்.

ஒரே எலும்புக்கூட்டின் மேல் யார் எப்படிச் சதை வைக்கிறார் என்று பார்ப்பதுதான் இங்கே ரசனை. ராகமும் தாளமும் ஒன்றாக இருக்க, இரண்டு வித்துவான்கள் வேறு வேறாகப் பாடுவதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது புதிதே அல்ல. ஒரு சோதனை செய்யுங்கள். பிளைண்ட் பிளேக்கின் ‘வெஸ்ட் கோஸ்ட் ப்ளூஸ்’, பாட்டனின் ‘போனி ப்ளூஸ்’, ஸ்கிப் ஜேம்ஸின் ‘ஹார்ட் டைம் கில்லிங் ஃபுளோர் ப்ளூஸ்’ மூன்றையும் வரிசையாகக் கேளுங்கள். முதலாவதில் கால் ஆடும், இரண்டாவதில் நிலம் அதிரும், மூன்றாவதில் அறையின் வெப்பம் குறையும். ஜேம்ஸ் கிதாரைச் சோகம் தொனிக்கும் மைனர் சுருதியில் கூட்டி, உச்சக் குரலில் பாடுவார். அவருடைய ஊரான பென்டோனியாவின் பாணி அது. இதற்கு மேலும் எல்லாம் ஒரே மாதிரி என்று தோன்றினால் இந்த இசை உங்களுக்கு வேண்டாம். ஒரு குறையும் இல்லை.

இது சோகப் பாட்டுதானே? நம் ஒப்பாரி போல?

இல்லை. சோகம் உண்டு, ஆனால் சாவு வீட்டுப் பாட்டல்ல. விளைச்சலில் பங்கு கொடுத்துக் குத்தகைக்குப் பருத்தி விளைவித்தவர்கள் சனிக்கிழமை இரவு கூடிக் குடித்து ஆடியபோது பாடப்பட்டது. பாட்டன் கிதாரை முதுகுக்குப் பின்னால் வைத்து வாசித்துக் கூட்டத்தைச் சிரிக்கவைத்தவர். இரட்டை அர்த்தப் பாட்டுகள் ஏராளம், பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்பதற்குமுன் யோசியுங்கள். மெம்ஃபிஸ் நகரத்து ஜக் குழுக்கள் வெறும் மண் ஜாடியின் வாயில் ஊதித் தடித்த சுரம் எழுப்பியவை. கஸ் கேனனின் குழுவைக் கேட்டுவிட்டு யாராவது அழுதால் எனக்குச் சொல்லுங்கள்.

கிதாரில் அழுவதுபோல் வழுக்கும் அந்த ஒலி எப்படி வருகிறது?

கம்பியை விரலால் அழுத்தாமல், விரலில் மாட்டிய பாட்டில் கழுத்தையோ கத்தியின் முதுகையோ கம்பியின் மேல் வழுக்கிச் செல்வார்கள். சுரங்களுக்கு இடைப்பட்ட இடங்களெல்லாம் அப்போது ஒலிக்கும். டபிள்யூ.சி. ஹாண்டி என்ற இசையமைப்பாளர் 1903 வாக்கில் மிசிசிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில் கந்தலுடுத்த ஒருவர் கத்தியால் இப்படி வாசித்ததைக் கேட்டதாக எழுதியிருக்கிறார். அவர் பாடிய வரி இரண்டு ரயில் பாதைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தைப் பற்றியது. அந்தப் பாடகர் யார் என்று யாருக்கும் தெரியாது.

நகரத்து மேடைப் பாடகிகள் பாடியது உண்மையான ப்ளூஸ்தானா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கிதாரோடு தனியாக அலைந்தவன்தான் உண்மை, பட்டுடை உடுத்தி மேடையேறியவள் போலி என்பது 1960களின் வெள்ளைச் சேகரிப்பாளர்கள் கட்டிய மயக்கம். வரிசையைப் பாருங்கள். 1920 ஆகஸ்டில் மேமி ஸ்மித் பாடிய ‘கிரேஸி ப்ளூஸ்’ விற்ற பிறகுதான் கறுப்பின மக்கள் தட்டு வாங்குவார்கள் என்பதே நிறுவனங்களுக்கு உறைத்தது. 1923இல் பெஸ்ஸி ஸ்மித்தும் மா ரெய்னியும் பதிவுக்கு வந்தார்கள். கிதாரோடு ஆண்கள் பெருமளவில் வந்தது 1926இல் லெமன் ஜெஃபர்சன் விற்ற பிறகு. பெண்கள் திறந்த கதவு இது. மா ரெய்னியைக் கேட்கப் பொறுமை வேண்டும், அவர் பாடியது பாராமவுண்டுக்கு.

இத்தனை பேர் பெயருக்கு முன்னால் ‘பிளைண்ட்’ எதற்கு?

பார்வையில்லாதவருக்கு வயல்வேலை கிடையாது. தெருமுனையில் பாடுவது கிடைத்த சில பிழைப்புகளில் ஒன்று. நிறுவனங்கள் அந்தச் சொல்லைத் தட்டின் மேல் அச்சிட்டு விளம்பரமாகவும் ஆக்கிக்கொண்டன.

பாடியவர்களுக்குப் பணம் கிடைத்ததா?

பக்கத்துக்கு இவ்வளவு என்று கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். விற்பனையில் பங்கு பெரும்பாலோர்க்குக் கிடையாது. பெஸ்ஸி ஸ்மித்துக்கே கிடையாது. லெமன் ஜெஃபர்சன் தன் கல்லறையைச் சுத்தமாக வைத்திருக்கும்படி வேண்டிப் பாடியிருக்கிறார். 1929 டிசம்பரில் சிகாகோவில் இறந்தார். டெக்ஸஸில் அவரைப் புதைத்த இடத்தில் 1967 வரை பெயர்க்கல்கூட இல்லை. பெஸ்ஸியின் கல்லறைக்குக் கல் வந்தது 1970இல்.

1960களில் வயதான காலத்தில் பதிந்தவற்றைக் கேட்கலாமா?

அவசியம். இங்கேதான் அந்த ‘அவலான்’ கதை. ஜான் ஹர்ட்டின் 1928 தட்டுகள் பெரிதாக விற்கவில்லை, பொருளாதார மந்தமும் வந்தது, அவர் விவசாயத்துக்கே திரும்பிவிட்டார். முப்பது ஆண்டுகள் கழித்து அவர் தட்டைக் கேட்ட இளைஞர்கள், அவலான் என் சொந்த ஊர் என்று அவர் பாடியிருப்பதைக் கவனித்தார்கள். பழைய வரைபடத்தில் ஊரைத் தேடி, 1963இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்பவர் போய்ப் பார்த்தால், ஹர்ட் அங்கேயேதான் இருந்தார்! விரல்களும் அப்படியே. இறப்பதற்கு முன் மூன்று ஆண்டுகள் பெரிய மேடைகளில் வாசித்தார். அந்தப் பதிவுகள் சுத்தமானவை. இரைச்சல் தாங்காதவர்கள் அங்கிருந்தே தொடங்கினாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

1964 ஜூனில் ஸ்கிப் ஜேம்ஸை மிசிசிப்பியின் டுனிகாவில் ஒரு மருத்துவமனையில் கண்டுபிடித்தார்கள். அதே மாதம் சன் ஹவுஸை நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டரில் கண்டார்கள். கிதாரை எப்போதோ விட்டுவிட்டிருந்த ஹவுஸுக்கு, அவருடைய பழைய பாட்டுகளையே ஆலன் வில்சன் என்ற இளைஞர் திரும்பச் சொல்லிக்கொடுத்தார். 1965இல் ஹவுஸ் பாடிய ‘டெத் லெட்டர்’ பாட்டில் விரல் தடுமாறுகிறது, கம்பி அதிர்ந்து அடிக்கிறது. 1930 பதிவைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். பண்டிதர்கள் மன்னிக்க.

எங்கே கேட்பது?

பாட்டு ஒலிபரப்பும் செயலிகளில் யாஸூ நிறுவனத் தொகுப்புகளைத் தேடுங்கள். தேர்வும் நன்று, ஒலிமாற்றமும் நன்று. டாக்குமென்ட் நிறுவனம் ஒவ்வொருவரும் பாடிய எல்லாவற்றையும் நாள் வரிசையில் அடுக்கியிருக்கிறது. அது அகராதி மாதிரி, ஒரு சொல்லைப் பார்க்கத் திறக்கலாம், முதலிலிருந்து படிக்கக் கூடாது. ஹாரி ஸ்மித் 1952இல் தொகுத்த 84 பாட்டுகளின் அமெரிக்க நாட்டார் இசைத் தொகுப்பில் ப்ளூஸ் மற்றவற்றோடு கலந்து கிடைக்கும்.

இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் ஏராளமான 78 தட்டுகளின் மின்வடிவம் உண்டு. அமெரிக்கச் சட்டப்படி 1923க்கு முந்தைய பதிவுகள் 2022இல் பொதுவுடைமையாயின. 1923 முதல் 1946 வரை வெளியானவை நூறாண்டு முடிய முடிய ஒவ்வோர் ஆண்டாக விடுபட்டு வருகின்றன.

எல்லாத் தட்டுகளும் கிடைத்துவிட்டனவா?

இல்லை. 1930இல் பாட்டன், சன் ஹவுஸ், வில்லி பிரவுன், பியானோக்காரி லூயிஸ் ஜான்சன் நால்வரும் ஒன்றாக மிசிசிப்பியிலிருந்து விஸ்கான்சினின் கிராஃப்டனுக்குப் போய்ப் பாராமவுண்டுக்காகப் பதிந்தார்கள். பிரவுன் பாடிய இரண்டு தட்டுகளில் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. மற்றொன்றின் ஒரு பக்கம் ‘கிக்கிங் இன் மை ஸ்லீப் ப்ளூஸ்’. பட்டியலில் எண் இருக்கிறது, பெயர் இருக்கிறது. ஒரு பிரதிகூட அகப்படவில்லை.